மூடிவிட்ட இருநூற்றுப் பதிமூன்று ஜெபங்கள்

அலுவலகத்தில் அத்தானுக்குப் 'பாஸ்டர்' என்று பெயர். சபையில் 'கம்ப்யூட்டர் பிரதர்'. இரண்டு இடத்திலும் அவரை மற்ற இடத்து ஆளாகத்தான் வைத்திருந்தார்கள். வீட்டில் அவருக்குப் பெயரே இல்லை. அக்கா 'என்னங்க' என்பாள். நான் அத்தான் என்பேன்.

நாற்பத்திரண்டு வயது. முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். பல சமயம் செருமலோடு நின்றுவிடும். பார்சல் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் நிறுவனத்தில் பதினாறு வருடமாக இருக்கிறார். என்னையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார். அவர் எழுதுகிறவர்கள் பக்கம், நான் போன் எடுக்கிறவர்கள் பக்கம். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்பு. தலையைத் தூக்கினால் அவர் தெரிவார்.

எழுதி முடித்ததை வெளியே அனுப்புவதற்கு முன் இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்து ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடுவார். பக்கத்து நாற்காலிக்காரர், எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுகிறவர், அதற்காகவே காத்திருப்பார்.

"பாஸ்டர், ஜெபம் ஆச்சா?"

"ஆச்சு."

"போன வாரமும் ஜெபம் பண்ணிட்டுத்தானே அனுப்பினீங்க? நாலு மணி நேரம் சர்வர் படுத்துக்கிச்சே."

"ஜெபம் சரியாத்தான் இருந்துச்சு. நான் எழுதின புரோகிராம்தான் தப்பு."

மொட்டை மேசையைத் தட்டிச் சிரிப்பார். அத்தான் சிரிக்கமாட்டார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது என்று ஆட்கள் போன் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்பது புகாரைப் பதிந்துவைக்கும் சீட்டு, திரையில்தான் இருக்கும். தொண்ணூறு நாள் அதில் யாரும் ஒரு வரிகூட எழுதாவிட்டால் புரோகிராமே அதை மூடிவிடும். அந்த விதியை எழுதியவர் அத்தான். மேலாளருக்கு அது உயிர். மாதக் கடைசியில் சுவர்த் திரையில் மூடிய டிக்கெட்டுகளைக் காட்டும் பச்சைப் பட்டை நீளமாக நிற்கும். தொலைந்த பார்சல் தொலைந்தபடியே இருக்கும். டிக்கெட் மட்டும் இருக்காது.

எங்கள் சபை மூன்று தெரு தள்ளி, முன்பு அச்சகமாக இருந்த கட்டடத்தில் கூடுகிறது. தரையில் இன்னும் மைக்கறை உண்டு. இருநூறு, இருநூற்றைம்பது பேர் வருவார்கள். ஏழு வருடத்துக்கு முன் போதகர் கேட்டுக்கொண்டார் என்று அத்தான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். ஜெபம் வேண்டுகிறவர் போனில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். ஜெபக்குறிப்பு என்று பட்டியலில் அது சேர்ந்துகொள்ளும். தினமும் காலை ஆறு மணிக்கு முழுப் பட்டியலும் எல்லோருடைய போனுக்கும் போகும்.

போடுகிறவர்கள் இருந்தார்களே தவிர எடுக்கிறவர்கள் இல்லை. வேண்டியது கிடைத்தவுடன் ஆட்களுக்குக் குறிப்பு மறந்துவிடும். 'சுகப்பிரசவத்துக்காக' என்று ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது ஞாயிறு பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவைக்கிறது. 'நாளை இன்டர்வியூ' என்று ஒன்று; அந்த நாளை போய் மூன்று வருடம். பட்டியல் நானூற்றைம்பதைத் தாண்டியது.

"தம்பி, ரயில் மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. பாதிப்பேர் முதல் பத்தோட நிறுத்திடறாங்க. கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா?" என்றார் போதகர்.

"பாத்துடறேன் ஐயா."

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தார். அக்கா அதைச் சுற்றித் தட்டுகளை வைத்தாள். அரை மணி நேர வேலை. அலுவலகத்தில் நன்றாக ஓடுகிற விதியை அப்படியே எடுத்து இங்கே வைத்தார்: தொண்ணூறு நாள் ஒரு வரியும் சேராத குறிப்பை மூடிவிடு. சனிக்கிழமை காலை வாயில் பிரஷ்ஷோடு வந்து என் அறைக்கதவைத் தட்டினார்.

"இருநூத்திப் பதிமூணு மூடியிருக்கு மாப்ளே. பாதியாக் கொறஞ்சிடுச்சு."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

ஒன்றை மறந்திருந்தார். ஏழு வருடத்துக்கு முன், யாராவது தன் குறிப்பை மூடினால் அவர்களுக்குப் போகட்டும் என்று ஒரு செய்தியையும் எழுதிவைத்திருந்தார். 'உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சபை ஜெபக்குழு.' அதற்குக் கீழே அவரவர் குறிப்பும் வரும். யாரும் மூட வந்ததில்லை, அதனால் அந்தச் செய்தி போனதும் இல்லை. ஒரு குறிப்பை மூடுவதற்கு அந்தப் புரோகிராமுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இருநூற்றுப் பதிமூன்று குறிப்புகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர் பிரதர், என் முட்டிவலி போயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. முட்டிக்கு இன்னும் தகவல் வரல போல." இது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம் அண்ணா. மாப்பிள்ளை யாருன்னாவது சொல்லுங்க." இது பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கும் பெண்.

அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. போதகரும் விடவில்லை. மேடையிலிருந்து, "நமக்கு விசுவாசம் கம்மி, நம்ம கம்ப்யூட்டருக்கு ஜாஸ்தி" என்றார். கூரை அதிரச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்துவைத்தார். பெஞ்சுக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியை நிறுத்தும் வேலையில் இருந்தார்.

முதல் பாட்டுக்கு எழுந்து நின்றபோது அக்கா என் தோளைத் தொட்டாள். "மூணாவது வரிசை ஓரம் காலியா இருக்கு பாரு. பட்டன் அம்மா வரலியா?"

பட்டன் அம்மா சலவைக் கடையில் வேலை செய்கிறவர். துவைக்க வரும் துணிகளில் பட்டன் போனது, ஜிப் போனது எல்லாம் அவர் கைக்கு வரும். சபையிலும் யாருடைய சட்டைக் கையிலாவது பட்டன் தொங்கினால் "நில்லு, ஒரு நிமிஷம்" என்று பையிலிருந்து ஊசியை எடுத்துவிடுவார். காய்ச்சலோடுகூட வருவாரே தவிர ஒரு ஞாயிறும் தப்பியதில்லை.

"நேத்து மார்க்கெட்ல பாத்தேனே. பெரிய மீனாப் பாத்து வாங்கினாங்க. கையில புதுத் தலையணை வேற. என்னம்மா, விருந்தாளியான்னு கேட்டேன். சிரிச்சாங்க, சொல்லல" என்றாள் அக்கா.

அத்தானின் விரல் நின்றது. போனில் மேலும் கீழும் தள்ளி எதையோ தேடினார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

'மகன் வீட்டுக்கு வரவேண்டும்.'

போட்டு ஆறு வருடம். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. மூடியது: சனி, காலை ஆறு மணி.

பாட்டு முடியவில்லை. அத்தான் பெஞ்சிலிருந்து வெளியேறி நடந்தார். நான் பின்னால் போனேன்.

பட்டன் அம்மா வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படியேறும்போதே மீன் பொரித்த வாசனை வந்தது. கதவு திறந்திருந்தது, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். தரை கழுவிய ஈரம் காயவில்லை. உள்ளேயிருந்து ஒரு துண்டைப் பிடித்தபடி பட்டன் அம்மா ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஏறிக்கொண்டிருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"தம்பியா? வாங்க, வாங்க. படியில ஆம்பளைக் காலடி கேட்டுச்சா, நான் வேற நெனச்சுட்டேன். சபைக்கு வரலேன்னு தேடிட்டு வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எப்படி வர்றது? நான் அங்க வந்த நேரத்துல அவன் இங்க வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா? ஏற்கனவே ஒரு தடவ பூட்டினவதானே நான்."

அந்தக் கதை எங்களுக்குத் தெரியாது. அவராகவே சொன்னார். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போன பையன் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். இவர் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. காலையில் திறந்துகொள்ளலாம், புத்தி வரட்டும் என்று படுத்துவிட்டார். காலையில் படியில் யாரும் இல்லை.

மேசையில் இரண்டு தட்டு கவிழ்த்திருந்தது. உள்ளறைக் கட்டிலில் புது விரிப்பு, பிளாஸ்டிக் உறை கழற்றாத தலையணை.

"போதகர் ஐயாகிட்டதானே போன் பண்ணினான்? எனக்குத் தெரியும், என்கிட்ட பேச வெக்கமா இருந்திருக்கும். சின்னதுலேருந்தே அப்படித்தான், நேரா வந்து கேக்கமாட்டான், யாரையாவது தூது அனுப்புவான். எத்தன மணிக்குன்னு சொன்னானா தம்பி?"

அத்தான் தொண்டையைச் செருமினார். அதோடு நின்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"யாரும் போன் பண்ணலம்மா."

"பின்னே?"

"என் தப்பு. ரொம்ப நாளா ஒண்ணும் எழுதாம இருக்கிற குறிப்பையெல்லாம் லிஸ்ட்லேருந்து எடுக்கிற மாதிரி எழுதினேன். எடுத்தா அந்த மெசேஜ் போகும்கிறத மறந்துட்டேன். நெறைய பேருக்குப் போயிருக்கு. எல்லாமே தப்பு."

பட்டன் அம்மா அதை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப இத அனுப்பினது யாரு?"

"யாரும் இல்லம்மா. அதுவாப் போயிருக்கு."

"யாருமே இல்லையா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "நான்தாம்மா."

பட்டன் அம்மா கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். துண்டை நான்காக மடித்தார்.

"எதிர் வீட்டுல சொல்லிட்டேனே" என்றார். "கடையில ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன். பையன் வர்றான்னு சொன்னேன். முதலாளி எந்திரிச்சு வந்து கை கொடுத்தாரு."

அழுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கவிழ்த்திருந்த தட்டுகளை நிமிர்த்தினார்.

"உக்காருங்க ரெண்டு பேரும். இவ்வளவையும் வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்ண?"

வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சோறு போட்டு, மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். அத்தான் கண்ணை மூடாமல் கையை வைத்தார். அப்படி அவர் சாப்பிட ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. பட்டன் அம்மாவும் கவனித்தார்.

"ஜெபம் பண்ணலையா தம்பி?"

அத்தானின் கை தட்டிலேயே நின்றது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் பட்டன் அம்மா. "என் ஜெபம் பத்தாதுன்னுதான் லிஸ்ட்ல போட்டேன். கதவைப் பூட்டினவ நான். திறந்துவிடுன்னு நானே கேட்டா, ஆண்டவர் எந்த முகத்த வெச்சுக்கிட்டுக் கேக்கறேன்னு கேப்பாரு. மத்தவங்க கேட்டா அப்படிக் கேக்கமாட்டாருல்ல? ஆறு வருஷமா தினம் காலையில, இப்ப இருநூறு பேரு என் பையனுக்காகக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுத்தான் எந்திரிக்கிறேன். நீங்க கேப்பீங்கல்ல தம்பி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன். மேசைக்கு அடியில் அத்தான் காலை மிதிக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"இல்லம்மா" என்றார் அத்தான். "ஆறு மணிக்கு லிஸ்ட் போயிடுச்சான்னு பாப்பேன். எத்தன பேருக்குப் போச்சுன்னு பாப்பேன். படிக்கிறதில்ல."

"ஒரு நாள்கூடவா?"

"ஆரம்பத்துல கொஞ்ச நாள் படிச்சேன். உங்களது வர்றதுக்கு முன்னாடி."

ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கியது. அதுவும் புதிது, மடிப்புக்கோடு நிமிராமல் இருந்தது.

"இப்பவே திரும்பப் போட்டுடறேம்மா" என்றார் அத்தான். இடது கையால் போனை எடுத்தார்.

"வேணாம்."

"ஒரு நிமிஷ வேலைதாம்மா."

"வேணாம் தம்பி. ஓடாத மெஷின்ல துணியப் போட்டுட்டு, ஓடுது ஓடுதுன்னு வெளியில உக்காந்திருந்திருக்கேன். விடுங்க. நீங்க சாப்பிடுங்க, முள்ளு பாத்து."

தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டோம். அவர் எதிரில் உட்கார்ந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது, கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, அந்தப் பையன் பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"மகன்னு மட்டும்தான் போட்டிருக்காங்க. ஆறு வருஷமாப் போயிட்டே இருக்கு. ஒருத்தர்கூடவா கேக்கல?"

எழுந்து மறுபடி மேலே போனார். நான் அங்கேயே நின்றேன். கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து "யாரு?" என்று வேகமாக ஒரு குரல்.

"நான்தாம்மா."

கதவு கொஞ்சம் கழித்துத் திறந்தது.

"உங்க பையன் பேரு என்னம்மா?"

"எதுக்கு? லிஸ்ட்ல போடவா?"

"இல்ல. நான் சொல்லிக் கேக்கறதுக்கு."

மாடிப்படி ஜன்னல் வழியாகக் கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. அது கிளம்பவில்லை.

"இன்னிக்கு வேணாம் தம்பி. இன்னிக்கு அந்தப் பேரு என் வாயில வராது."

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தான் விதியை அழித்தார். எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தார், ஒன்றைத் தவிர. பொது மன்னிப்புச் செய்தி ஒன்று அனுப்பினால் போதும் என்றார் போதகர். அத்தான் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னார். பேசக் கூச்சப்படுகிற மனிதர். ஒவ்வொரு போனுக்கும் முன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ஐந்து சாயங்காலம் ஆனது. முட்டிவலிக்காரர் அரை மணி நேரம் தன் முட்டியின் கதையைச் சொன்னார். அத்தான் போனை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

அலுவலகத்திலும் அந்த விதியை எடுக்கச் சொல்லி மேலாளரிடம் போய் நின்றார்.

"பாஸ்டர், இது கம்பெனி. பழைய டிக்கெட்டுக்கெல்லாம் துக்கம் கொண்டாட முடியுமா?"

அத்தான் சாப்பாட்டு நேரத்தில் பழைய டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, புகார் சொன்னவருக்குக் கையால் ஒரு வரி பதில் எழுத ஆரம்பித்தார். ஒரு வரி சேர்ந்தாலே தொண்ணூறு நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், டிக்கெட் மூடாது. பச்சைப் பட்டை குட்டையானது. அந்த வருட மதிப்பீட்டில் அவரைக் கடைசிப் படியில் வைத்தார்கள். மொட்டைகூட அதற்கு ஜோக் அடிக்கவில்லை.

அந்த வாரங்களில் ஒரு பெண்மணி எனக்குப் போன் செய்தார். "உங்க ஆபீஸ்லேருந்து ஒரு பதில் வந்திருக்கு. 'உங்கள் பார்சல் எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்'னு. இது கம்ப்யூட்டர் எழுதினதா, ஆள் எழுதினதா?"

"ஆள்தாங்க."

"அப்படியா" என்றார் அந்த அம்மா. பிறகு, "சரி, வெச்சுடறேன்" என்றார்.

காலையில் அத்தான் ஐந்தரைக்கு எழுந்து பட்டியலை வாய்விட்டுப் படிக்கிறார். முப்பது நிமிடம் ஆகிறது. ஜெபம் கேட்கப்படுகிறதா என்று நான் ஒரு நாள் கேட்டேன். "எனக்குத் தெரியாது மாப்ளே" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

ஏழாவது ஞாயிறு பட்டன் அம்மா சபைக்கு வந்தார். மூன்றாவது வரிசைக்குப் போகவில்லை, பின்னால் தூணோரம் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் அவராகவே அத்தானிடம் வந்தார்.

"ஸ்தோத்திரம் தம்பி."

"ஸ்தோத்திரம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

பட்டன் அம்மா வாயைத் திறந்து, எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அத்தான் குனிந்து வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். பட்டன் அம்மா தலையசைத்துவிட்டு நடந்து போனார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அக்கா கேட்டாள்.

"பேரக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க? அவங்களே வந்து நின்னாங்களே. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"சொல்லிடுவாங்க போல இருந்துச்சு."

"சொன்னா நல்லதுதானே? அதுக்குத்தானே அன்னிக்குத் திரும்ப மேல ஏறினீங்க?"

அத்தான் தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டாங்கன்னா தினமும் சொல்லணும். ஒரு நாள் நான் மறந்துட்டேன்னா அவங்களுக்குத் தெரியவே போறதில்ல. இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பாங்க."

அக்கா அவர் தட்டில் சோற்றைப் போட்டாள்.